வெட்டியது யார்? வட கடல் கடற்பன்றிகளின் சாவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் வட கடல் கரையில் 2000-களின் நடுப்பகுதியில் ஒதுங்கிய கடற்பன்றிகளுள் ஒரு பகுதி, அவற்றைக் கண்டெடுத்தவர்களையும் மேசையில் கிடத்தி அறுத்துப் பார்த்தவர்களையும் ஒருசேரக் குழப்பியது. அவை நோயில் மெலிந்து செத்தவையாகத் தெரியவில்லை. பெரும்பாலும் இளம் விலங்குகள். கொழுப்புப் படலம் தடிப்பாக இருந்தது. இரைப்பையில் அண்மையில் தின்ற மீன் இருந்தது. ஆனால் தொண்டையிலும் கன்னத்திலும் விலாப்புறத்திலும் தோலும் அதன் அடியிலிருந்த வெண்கொழுப்பும் பெரும் பட்டைகளாக உரிந்து போயிருந்தன. சில உடல்களில் பட்டையின் ஒரு முனை மட்டும் உடலோடு ஒட்டித் தொங்கியது. காயத்தின் விளிம்போ நேராகவும் கூர்மையாகவும் இருந்தது. அந்த விளிம்பைப் பார்த்த எவருக்கும் முதலில் தோன்றியது கத்திதான். அடுத்து வந்த பல ஆண்டு வாதங்களுக்கு அந்த முதல் எண்ணமே அடித்தளம் போட்டது.

துறைமுகக் கடற்பன்றி என்று அழைக்கப்படும் இவ்விலங்கு ஐரோப்பியக் கடல்களில் வாழும் திமிங்கில இனங்களுள் உருவில் மிகச் சிறியது. வளர்ந்த விலங்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் ஐம்பது, அறுபது கிலோ எடையும் இருக்கும். ஓங்கிலுக்கு (டால்பினுக்கு) உள்ள நீண்ட மூக்கு இதற்கில்லை. முகம் மழுங்கியது, முதுகில் சிறிய முக்கோணத் துடுப்பு உண்டு. நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எப்போதாவது மீன்வலையில் சிக்கிவிடும் கடற்பன்றி இதன் உறவினம். அதற்கு முதுகுத் துடுப்பே கிடையாது. வட கடலின் குளிர்நீரில் இத்தனை சிறிய உடல் வெப்பத்தை மிக விரைவில் இழக்கும் என்பதால், துறைமுகக் கடற்பன்றி இரவு பகலாக ஏறக்குறைய ஓயாமல் சிறு மீன்களைத் தின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சில நாள் இரை கிடைக்காவிட்டாலும் கொழுப்புப் படலம் கரையத் தொடங்கிவிடும். ஆகவே ஒதுங்கிய உடலில் அந்தப் படலத்தின் தடிப்பை அளப்பது உடற்கூறாய்வின் முதல் வேலைகளுள் ஒன்று. படலம் மெலிந்திருந்தால் விலங்கு நாள்பட்டுச் செத்தது. தடித்திருந்தால் சாவு திடீரென்று வந்தது.

இவ்விலங்கு 1960-களில் டச்சுக் கரையிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. பிறகு 1980-களின் பிற்பகுதியிலிருந்து மெல்லத் திரும்பியது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1994-லும் 2005-லும் நடத்திய பெரிய கணக்கெடுப்புகள், வட கடலின் மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்றும், கூட்டத்தின் மையம் வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்துவிட்டது என்றும் காட்டின. கரைக்கு அருகே விலங்குகள் பெருகியதால் கரையொதுங்கும் உடல்களும் பெருகின. ஆண்டுக்குப் பல நூறு என்னும் அளவுக்கு வந்தன. ஒதுங்கும் உடல்கள் கூடுவதை வைத்து மட்டும் கடலில் சாவு கூடியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உடல்கள் இப்படிச் சிதைந்து வந்ததற்கு, விலங்குகள் பெருகியது மட்டும் விளக்கமாகாது.

முதல் சந்தேகம்

சந்தேகம் மீனவர்கள் மேல் விழுந்ததற்குக் காரணங்கள் இருந்தன. கடலடியில் நிறுத்தப்படும் செவுள்வலைகளில் கடற்பன்றிகள் சிக்கி மூச்சடைத்துச் சாவது உலகம் முழுவதும் அறிந்த உண்மை. இன்றும் இவ்வினத்துக்கு மனிதரால் வரும் சாவுகளுள் அதுவே முதன்மையானது. வலையில் மாட்டிய விலங்கு நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. நன்றாகத் தின்று கொழுத்த இளம் விலங்கே பெரும்பாலும் மாட்டும். இறந்ததைக் கடலில் எறியும்போது அது மிதந்து கரைக்கு வந்து கேள்விகளை எழுப்பக் கூடாது என்பதற்காக, வயிற்றைக் கிழித்து மூழ்கடிக்கிறார்கள் என்ற விளக்கம் பரவியது. தடித்த கொழுப்பு, நிறைந்த இரைப்பை, கூரிய விளிம்பு என மூன்றும் அந்த விளக்கத்தோடு பொருந்தின. மீனவர் தரப்பு அதைத் திட்டவட்டமாக மறுத்தது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள், மீன்பிடித் துறை, ஆய்வாளர்கள் என முத்தரப்பும் ஆளுக்கொரு காரணம் சொன்ன நிலை பல ஆண்டு நீடித்தது.

கப்பல்களின் சுழல்விசிறி மேலும் சிலருக்கு ஐயம் இருந்தது. வட கடலின் தெற்குப் பகுதி உலகிலேயே மிக நெரிசலான கப்பல் தடங்களுள் ஒன்று என்பதால் அதையும் ஒதுக்கிவிட முடியவில்லை. செத்து மிதந்ததைக் கடற்பறவைகளும், கரையில் கிடந்ததை நரிகளும் நாய்களும் குதறியிருக்கலாம் என்பது மூன்றாவது வாதம்.

இவற்றுள் மூன்றாவதை ஓரளவுக்கு உடற்கூறாய்வே தீர்த்து வைத்தது. உயிரோடிருக்கும் உடலில் காயம் பட்டால் அதைச் சுற்றியுள்ள திசுவில் இரத்தம் கசிந்து உறையும். இதயம் நின்ற பிறகு ஏற்பட்ட காயத்தில் அப்படிக் கசிவு இராது. சிதைந்த கடற்பன்றிகள் பலவற்றில் காயத்தின் அடியில் இரத்தக் கசிவு இருந்தது. ஆகவே காயப்பட்டபோது அவை உயிரோடிருந்தன. இந்த ஒரு குறிப்பு கத்தி வாதத்தையும் அசைத்திருக்க வேண்டும். வலையில் மூச்சடைத்துச் செத்த உடலைக் கிழித்தால் கசிவு வராதல்லவா? ஆனால் கடல்நீரில் பல மணி நேரம் அலசப்பட்ட திறந்த காயத்தில் கசிவு கழுவிப் போயிருக்கக் கூடும் என்பதாலும், வலையில் மாட்டிய விலங்கு உயிரோடு மேலே வந்திருக்கக் கூடும் என்பதாலும், வாதம் அங்கேயே முடிந்துவிடவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வலைச் சாவு என்று முடிவு கட்டியவர்கள் பார்த்த அடையாளங்கள் எல்லாம் மெய்யானவை. கொழுத்த உடல், நிறைந்த இரைப்பை, திடீர்ச் சாவு ஆகியவற்றை யாரும் கற்பனை செய்யவில்லை. ஆனால் அந்த அடையாளங்களை வேறு யாரெல்லாம் விட்டுச் செல்லக்கூடும் என்ற பட்டியல்தான் மிகச் சிறியதாக இருந்தது. திடீர்ச் சாவைக் காட்டும் குறி, திடீர்ச் சாவை விளைவிக்கும் எல்லாக் காரணங்களுக்கும் பொது. அதை வலைக்கு மட்டும் உரிய குறியாகப் படித்ததே சறுக்கல்.

ஸ்காட்லாந்தின் முன்னுதாரணம்

கடற்பன்றியை மற்றொரு கடல்வாழ் பாலூட்டி கொல்லும் என்பது அப்போது புதிய செய்தியாக இருந்திருக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள மரி ஃபெர்த் வளைகுடாவை ஒட்டிய கரையில், வெளிப்பார்வைக்குப் பெரிய சேதமில்லாத கடற்பன்றிகள் ஒதுங்கின. அறுத்துப் பார்த்தால் விலா எலும்புகள் வரிசையாக முறிந்திருந்தன, நுரையீரல் கிழிந்திருந்தது, உள்ளுறுப்புகள் நசுங்கியிருந்தன. படகு மோதியது, வலையை இழுக்கும் பொறியில் அகப்பட்டது என்றெல்லாம் கருத இடமிருந்தது. கால்நடை மருத்துவர் ஹாரி ராஸும் விலங்கியலாளர் பென் வில்சனும் தோலின் மேலிருந்த இணைகோடான கீறல்களைக் கவனித்தார்கள். அவற்றின் இடைவெளி, அதே வளைகுடாவில் வாழும் குப்பிமூக்கு ஓங்கிலின் பல் இடைவெளியோடு பொருந்தியது. ஓங்கில்கள் கடற்பன்றியைத் துரத்தி முட்டித் தூக்கி எறிவதைக் கடலில் நேரில் பார்த்த சாட்சியங்களும் சேர்ந்தன. 1996-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை, அந்தக் கரையில் இறந்து ஒதுங்கும் கடற்பன்றிகளுள் பெரும்பாலானவை ஓங்கிலின் தாக்குதலுக்கு ஆளானவை என்று கூறியது.

ஓங்கில் தான் கொன்ற கடற்பன்றியைத் தின்பதில்லை. அது ஏன் கொல்கிறது என்பதற்கு இரைப் போட்டி, தன் இனக் குட்டிகளையே கொல்லும் வழக்கத்தின் நீட்சி எனப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. அந்த விவாதம் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. நமக்கு வேண்டியது அவர்களின் முறை. பெரிய சேதத்தை விட்டுவிட்டு, அதைச் செய்தவர் விட்டுச்சென்ற சிறிய தடத்தைப் பார்த்தார்கள். டச்சுக் கரையிலும் வழக்கு திரும்பியது அதே இடத்தில்தான்.

சிறிய துளைகள்

பெல்ஜியக் கரையில் 2011-ல் இரண்டு சிதைந்த கடற்பன்றிகள் ஒதுங்கின. பெல்ஜிய அரச இயற்கை அறிவியல் நிறுவனத்தின் யான் ஹால்டர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அவற்றை ஆராய்ந்து, சாம்பல்நிறக் கடல்நாய் (சீல்) இவற்றைக் கொன்று தின்றிருக்கக் கூடும் என்று 2012-ல் எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பின் இறுதியில் கேள்விக்குறி இருந்தது. அந்த எச்சரிக்கை நியாயமானது. கடல்நாய் மீன் தின்னும் விலங்கு என்பதே பொதுக்கருத்து. கடற்பன்றியோ விரைந்து நீந்துவது. எதிரொலியால் சுற்றுப்புறத்தை அறிவது. தன்னைப் போன்ற ஒரு பாலூட்டியை, அதுவும் சில சமயம் தன் எடையில் கால் பங்குக்கும் மேலுள்ள விலங்கை, கடல்நாய் பிடித்துத் தின்னும் என்பதை ஏற்க மனம் வரவில்லை. கரையில் தவிக்கும் கடல்நாய்க் குட்டிகளை எடுத்து வளர்த்துக் கடலில் விட 1971-ல் பீட்டர்பியூரன் ஊரில் மையம் தொடங்கிய நாட்டில், அந்த உருண்டைக் கண் விலங்கைக் கொலையாளியாக நினைப்பது இன்னும் கடினமாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன். மீனவர்களைச் சந்தேகிப்பதற்கு அந்தத் தயக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

சாம்பல்நிறக் கடல்நாயும் இக்கரைக்குத் திரும்பி வந்ததுதான். இடைக்காலத்திலேயே நெதர்லாந்தின் வடகரையை ஒட்டிய ஆழமற்ற வாடன் கடலிலிருந்து மறைந்துபோன இது, 1980-ஐ ஒட்டிப் பிரித்தானியக் கரைகளிலிருந்து வந்து மீண்டும் குடியேறி, பின்னர் ஆயிரக்கணக்கில் பெருகியது. வளர்ந்த ஆண் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமும் முந்நூறு கிலோ வரை எடையும் கொண்டது. ஆக, கடற்பன்றியும் கடல்நாயும் ஏறத்தாழ ஒரே கால் நூற்றாண்டில் ஒரே கடல் துண்டில் மறுபடி சந்தித்திருக்கின்றன. அக்கரையில் வாழ்ந்த எந்த ஆய்வாளரும் இவ்விரண்டும் அடர்த்தியாகச் சேர்ந்து வாழ்ந்ததைத் தம் பணிக்காலத்தில் முன்பு பார்த்ததில்லை. சந்தேகப் பட்டியலில் கடல்நாயின் பெயர் இல்லாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடல்நாய் என்ற எண்ணம் வந்த பிறகு, அதுவரை யாரும் பெரிதாகக் கருதாத தடங்கள் கண்ணில் படத் தொடங்கின. கிழிந்த பெரும் காயத்திலிருந்து தள்ளி, வால் தண்டிலும் துடுப்புகளின் அடியிலும் தலையிலும் சிறு துளைகள் இருந்தன. அவை கோரைப்பற்கள் பதிந்த இடங்கள். பக்கவாட்டில் இணைகோடான நகக் கீறல்கள் இருந்தன. ஓங்கிலுக்கு நகம் கிடையாது, கப்பலுக்கும் கிடையாது. பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் ஒதுங்கிய உடல்களை ஆராய்ந்த லியேஜ் பல்கலைக்கழகத்தின் தியரி ஜோனியோ குழு, துளைகளின் அமைப்பைக் கடல்நாயின் மண்டையோட்டுப் பற்களோடு ஒப்பிட்டு, அவை பொருந்துவதை 2014-ல் காட்டியது. வடக்குப் பிரான்சின் கடலில் சாம்பல்நிறக் கடல்நாய் கடற்பன்றியைத் தாக்கித் தின்பதை நேரில் கண்ட பதிவும் அதே ஆண்டில் வெளிவந்தது.

அப்படியானால் விளிம்பு ஏன் கத்தியால் வெட்டியது போல் இருந்தது? கடற்பன்றியின் தோல் மெல்லியது. அதன் அடியிலுள்ள கொழுப்பு நார்களால் பின்னிய உறுதியான படலம். கடல்நாய் பல்லைப் பதித்து, தலையை உதறி இழுக்கும்போது, துளையில் தொடங்கும் கிழிசல் படலத்தின் வழியே நேராக ஓடிவிடுகிறது. இறைச்சிக் கடையில் தோலோடு ஒட்டிய கொழுப்பைக் கையால் பற்றி இழுத்து உரித்துப் பார்த்தவர்களுக்கு, கத்தி இல்லாமலும் சீரான விளிம்பு வரும் என்பது தெரிந்திருக்கும். அறுத்தலுக்கும் கிழித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை மனித உடலில் படித்துப் பழகிய கண், வேறு வகைத் திசுவில் அதே விதியைப் பொருத்தும்போது தவறிவிடுகிறது.

பஞ்சுக்குச்சியில் கிடைத்த சாட்சி

பல் தடம் பொருந்துவது வலுவான சான்று. ஆனால் நீதிமன்றத்தில் பல் தடச் சான்றுகள் எத்தனை முறை சறுக்கியிருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் அதோடு நின்றுவிட மாட்டார்கள். டெசல் தீவில் உள்ள டச்சு அரச கடல் ஆய்வு நிறுவனத்தின் யூடித் வான் பிளெய்ஸ்வெய்க், கடல் உயிரியலாளர் மார்டிக் லியோபோல்ட் முதலியோர் காயத்திலிருந்தே கொன்றவரின் டிஎன்ஏ-வைத் தேடினார்கள்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேலை செய்யும்போது அப்படி இல்லை. உமிழ்நீரில் உதிரும் சில உயிரணுக்களே ஆதாரம். காயம் கடல்நீரில் தொடர்ந்து கழுவப்படுகிறது. எடுக்கப்படும் மாதிரியில் கடற்பன்றியின் சொந்த டிஎன்ஏ மலைபோலக் கலந்திருக்கும். தேடப்படும் விலங்கின் பங்கு அதில் துளி. திறந்து கிடக்கும் பெரிய காயத்தைவிட, குறுகலாகவும் ஆழமாகவும் உள்ள பல் துளைக்குள்தான் அத்துளி தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே மிகப் புதிய உடல்களைத் தேர்ந்து, துளைகளுக்குள் பஞ்சுக்குச்சியைச் செலுத்தி மாதிரி எடுத்தார்கள். கடற்பன்றியின் டிஎன்ஏ-வோடு ஒட்டாமல் கடல்நாயின் டிஎன்ஏ-வை மட்டும் பெருக்கும் வகையில் குறுகிய செயற்கை டிஎன்ஏ துண்டுகளை வடிவமைத்தார்கள். மூன்று கடற்பன்றிகளின் கடித்தடங்களில் சாம்பல்நிறக் கடல்நாயின் டிஎன்ஏ கிடைத்தது.

மூன்று என்பது சிறிய எண்தான். செத்து மிதந்த உடலைக் கடல்நாய் பிறகு கடித்திருக்கலாமே என்ற மறுப்புக்கும் டிஎன்ஏ தனியாக விடை சொல்லாது. அது யார் கடித்தது என்று மட்டும் சொல்லும், எப்போது கடித்தது என்று சொல்லாது. எப்போது என்பதைச் சொல்வது திசுவிலுள்ள இரத்தக் கசிவு. ஏன் என்பதைச் சொல்வது காணாமல் போன கொழுப்பு. மூன்று சான்றுகளும் ஒரே உடலில் சேரும்போதுதான் வழக்கு நிற்கிறது. அந்த மூன்று உடல்களின் மதிப்பு அதில் இருக்கிறது: இன்ன விலங்கு கடித்தது என்று ஐயமின்றித் தெரிந்த காயம் எப்படித் தோன்றும் என்பதற்கு அவை அளவுகோலாயின.

அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய படங்களுக்குத் திரும்பினார் லியோபோல்ட். டச்சுக் கரையில் 2003 முதல் 2013 வரை ஒதுங்கிய 1,081 கடற்பன்றிகளின் நிழற்படங்கள் கிடைத்தன. பல, கரையில் நடந்தவர்களும் தன்னார்வலர்களும் வெறும் பதிவுக்காக எடுத்தவை. கடித்தடம் தேடி எடுத்தவை அல்ல. அழுகல், பறவைக் கொத்தல், மணல் உராய்வு ஆகியவற்றால் பெரும்பாலான உடல்களில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உறுதியாகப் பார்க்கத்தக்க அளவுக்குப் புதியவை 271. அவற்றுள் 25 விழுக்காட்டில், டிஎன்ஏ உறுதிசெய்த உடல்களில் கண்ட அதே வகைக் கடி, நகத் தடங்கள் இருந்தன. பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் நலமான, கொழுத்த, அண்மையில் இரை தின்ற இளம் விலங்குகள். சிதைந்து ஒதுங்கியவற்றுள் பெரும்பான்மை சாம்பல்நிறக் கடல்நாயின் வேலை என்றும், நெதர்லாந்தில் கடற்பன்றிச் சாவின் முதன்மைக் காரணங்களுள் இது ஒன்று என்றும் 2015-ல் வெளியான ஆய்வு முடிவு கூறியது.

அந்த 25 விழுக்காட்டை எடுத்துச் சொல்லும்போது கீழ் எண்ணை விட்டுவிடக் கூடாது. அது 271-ல் கால் பங்கு. 1,081-ல் கால் பங்கு என்று கொள்ள, அழுகிய உடல்களும் புதிய உடல்களும் ஒரே காரணங்களால் அதே விகிதத்தில் செத்தன என்று கருத வேண்டும். கரைக்கு அருகே செத்தது புதிதாக ஒதுங்கும். தொலைவில் செத்தது அழுகி ஒதுங்கும் அல்லது ஒதுங்கவே ஒதுங்காது. கடல்நாய்கள் கரையை ஒட்டியே வேட்டையாடினால் புதிய உடல்களில் அவற்றின் பங்கு கூடித் தெரியும். மாறாக, கொழுப்பை இழந்த உடல் விரைவில் மூழ்கிவிடுமானால் குறைந்து தெரியும். கரையொதுங்கல் ஆய்வுகள் அனைத்துக்கும் உள்ள இந்த வரம்பு, முடிவின் தன்மையை மாற்றாது; அளவைப் பற்றிப் பேசும்போது நாக்கை அடக்க வைக்கும்.

சுருள் காயம்

இதே தவறு வட கடலின் மறுகரையில் வேறு வேடத்தில் நடந்தது. 2009, 2010 ஆண்டுகளில் இங்கிலாந்தின் நார்ஃபக் கரையிலும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபர்டு கடற்கழியிலும் இறந்த கடல்நாய்கள் ஒதுங்கின. அவற்றின் தலையருகே தொடங்கிய ஒற்றைக் காயம், உடலைச் சுற்றித் திருகாணிச் சுற்றுப்போல வால்புறம் வரை இறங்கியது. அதன் விளிம்பும் சீரானது, கூர்மையானது. இயந்திரம்தான் இத்தனை ஒழுங்காக வெட்டும் என்று கருதப்பட்டது. உலோகக் குழல் ஒன்றுக்குள் பொருத்தப்பட்டுச் சுழலும் வகைக் கப்பல் விசிறிகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. சிறு அளவு விசிறிகளுக்குள் கடல்நாயின் மாதிரி உருவங்களைச் செலுத்திச் சோதித்தார்கள். சுருள் வெட்டு வந்தது. கடலில் காற்றாலை நிறுவும் பணிகளுக்கு அத்தகைய கப்பல்களைப் பயன்படுத்துவோருக்கு முன்னெச்சரிக்கை அறிவுரைகளும் தரப்பட்டன.

2014 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் மே தீவில், வளர்ந்த ஆண் சாம்பல்நிறக் கடல்நாய் ஒன்று தன் இனத்துப் பால்மறந்த குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, நீரில் அமுக்கிக் கொன்று, கொழுப்பைக் கிழித்துத் தின்பதை ஆய்வாளர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். எஞ்சிய உடல்களில் இருந்தது அதே சுருள் காயம். கழுத்தருகே பற்றி இழுத்தபோது, கிழிசல் தோலின் நார் ஓட்டத்தைப் பின்பற்றிச் சுற்றி இறங்கியிருக்கிறது. 2015-ல் கப்பல்களைப் பற்றிய அறிவுரை திருத்தப்பட்டது.

இந்த நிகழ்வு எனக்கு டச்சு வழக்கைவிடக் கூடுதலாகப் பாடம் தருவதாகப் படுகிறது. இங்கே சோதனை நடந்தது. சோதனை சந்தேகத்தை உறுதியும் செய்தது. விசிறி அப்படிப்பட்ட காயத்தை உண்டாக்கவல்லது என்பதை அச்சோதனை சரியாகவே காட்டியது. ஒரு காரணி ஒரு காயத்தை உண்டாக்கவல்லது என்பது ஒரு கேள்வி; இந்த உடலில் உண்டாக்கியது அதுவா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் எழுதிவிட்டார்கள்.

மேசையில் மாறியவை

இந்த வழக்குகளின் விளைவாக மாற்றங்கள் பெரும்பாலும் உடற்கூறாய்வு மேசையில்தான் நடந்தன. லியோபோல்டின் ஆய்வுரையோடு, கடல்நாய்த் தாக்குதலை அடையாளம் காண்பதற்கான படிப்படியான முடிவு மரம் ஒன்றும் வெளியிடப்பட்டது. உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் புலத்தில் 2008-லிருந்து அரசுக்காகக் கடற்பன்றிகள் முறையாக ஆராயப்பட்டு வருகின்றன. அங்கே கடல்நாய்த் தாக்குதல் இப்போது தனி வகைப்பாடு. உடலைக் கழுவுவதற்கு முன்பே தோலின் ஒவ்வொரு பக்கமும் படமெடுக்கப்படுகிறது. வலைச் சாவு என்று எழுத, கொழுத்த உடலும் நிறைந்த இரைப்பையும் மட்டும் போதாது. துடுப்பு ஓரங்களிலும் மூக்கைச் சுற்றியும் நூல் பதிந்த தடம், நுரையீரலில் நீர்க்கோவை, மூச்சுக்குழலில் நுரை முதலியவற்றைத் தேடி, மற்றக் காரணங்களை விலக்கிய பிறகே எழுதப்படுகிறது.

லொனெக்கெ ஐசெல்டெய்க் தலைமையில் அங்கு ஆராயப்பட்ட, 2008 முதல் 2019 வரையிலான அறுநூறுக்கும் மேற்பட்ட உடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொற்றுநோயாலும், கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கடல்நாயாலும், ஆறில் ஒரு பங்கு வலையாலும் இறந்திருந்தன. வலையின் பங்கு பொய்யாகிவிடவில்லை என்பதை இந்த எண்களில் கவனிக்க வேண்டும். மீனவர்கள் மேல் சுமத்தப்பட்ட கத்திக் கதை விழுந்தது. வலையில் கடற்பன்றி சாவது நிற்கவில்லை. கடல்நாயைக் கண்டுபிடித்ததை மீன்பிடித் துறைக்குக் கிடைத்த விடுதலைத் தீர்ப்பாகச் சிலர் எடுத்துக்கொண்டது, முந்தைய அவசரத்தின் மறுபக்கம்தான்.

மனிதரே காரணம் என்று தெளிவாக நிறுவப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. 2019-ன் கோடைக் கடைசியில் பால்டிக் கடலின் ஃபெமான் நீரிணைப் பகுதியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியக் கண்ணிவெடிகள் 42 வெடிக்க வைக்கப்பட்டன. அதன் பின் ஜெர்மன் கரையில் ஒதுங்கிய கடற்பன்றிகளை ஆராய்ந்தபோது, சிலவற்றின் நடுச்செவி எலும்புகள் இடம்பெயர்ந்திருந்தன. ஒலியைக் கடத்தும் தாடைக் கொழுப்பில் இரத்தம் கசிந்திருந்தது. வெடிப்பு நடந்தது என்ற செய்தியை மட்டும் வைத்து அங்கே முடிவு எழுதப்படவில்லை. செவியைத் திறந்து பார்த்து, வெடிப்போடு பொருந்தும் சேதத்தைக் கண்ட பிறகே எழுதப்பட்டது.

தொற்றுநோய் என்ற தலைப்பில் எழுதப்படும் சாவுகளிலும் கடல்நாய் ஒளிந்திருக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. தாக்குதலிலிருந்து தப்பும் கடற்பன்றிகள் உண்டு. அவற்றின் வால் தண்டில் பழைய பல் துளைகள் மேலே மூடி, உள்ளே சீழ் கட்டியிருக்கும். பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் ஒதுங்கிய அத்தகைய உடல்களின் சீழிலும் நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளிலும் நைசீரியா அனிமலோரிஸ் என்னும் பாக்டீரியா காணப்பட்டது. அது சாம்பல்நிறக் கடல்நாயின் வாயிலிருந்து கடிவழியே ஏறியது என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. கடித்த நாளுக்கும் செத்த நாளுக்கும் இடையே காலம் ஓடியிருக்கும். விலங்கு மெலிந்திருக்கும், இரைப்பை காலியாக இருக்கும், கொழுப்பு கரைந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் நோயில் செத்ததுதான். ஆகவே நுரையீரல் தொற்று என்று தெரிந்த பிறகும், வால் தண்டின் தோலை மழித்தது போல நுணுகிப் பார்த்து, வடு இருந்தால் அதன் அடியை அறுத்து, அங்குள்ள பாக்டீரியாவை நுரையீரலில் உள்ளதோடு ஒப்பிட்ட பின்னரே சாவுக் காரணக் கட்டத்தை நிரப்ப முடிகிறது.